பத்தரை மில்லிமீற்றர்

மேசையில் மூன்று கிடந்தன.
ஒன்று புதிது, அலுமினிய உடம்பு,
திருகத் திருக நீளும், குறுகும்.
அதன் விலைக்கு ஓர் ஆட்டோ வாங்கி ஓட்டலாம்.
ஒன்று தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும், படபடவென்று.
அந்தப் படபடப்பை இந்த ஊர் கேட்டு முடித்துவிட்டது,
விரலும் வைக்கவில்லை.
மற்றது செக் நாட்டுப் பழசு.
ஒவ்வொரு தோட்டாவாய்க் கையால் ஊட்ட வேண்டும்.
குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன்,
புரிகள் துப்புரவாய் இருந்தன.
இவள் போதும் என்றேன்.

பொயின்ட் டூ டூ.
ஊசி தோட்டாவின் நடுவில் அடிக்காது,
விளிம்பில் அடிக்கும்.
ஓரத்தில் அடி விழுந்தால்தான் இதற்கு நெருப்பு வரும்.
கிழக்கில் பிறந்தவளுக்கு
இதற்குமேல் விளக்கம் எதற்கு.

கட்டை யாரோ ஆறடி ஆளுக்குச் செதுக்கியது.
அதை மட்டும் கழற்றி எடுத்துப்போக அனுமதி தந்தார்கள்.
டச்பாரில் டெரன்ஸ் ஒக்கர்ஸ்
கதிரைக் கால் கடையும் பட்டறையில்
ஒன்றரை அங்குலம் அறுத்தார்,
கன்னம் சாய முதிரையில் ஒரு துண்டு வைத்தார்.
"இதால என்னத்தச் சுடப்போறாய்?"
"கடதாசிய."
"கடதாசிக்கா இவ்வளவு பாடு?"
சீவலை ஊதித் தள்ளினார். பிறகு கேட்கவில்லை.

குழல் கட்டையில் எங்கும் முட்டக்கூடாது.
இருபது ரூபாத் தாளை இடையில் விட்டு இழுத்தால்
வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.
ஆவணியில் போனது.
மார்கழி மழையில் கட்டை ஊதி
தாள் பாதிவழியில் நின்றது,
வெள்ளத்துக்குள் இறங்கிய பஸ் மாதிரி.
வாழைச்சேனையில் வள்ளம் ஒட்டும் பசை வாங்கி
உள்ளே பூசினேன்.
கடலையே குடிக்காத பசை, மழையையா குடிக்கும்.

பிறகு விசை.
இரண்டு காப்பு அடகுக் கடைக்குப் போயின.
அனுமதிக் கடிதம் வர ஏழு மாதம்,
விசை வரப் பதினொரு நாள்.
முன்பு ஒன்றரைக் கிலோ சீனியைத் தொங்கவிட்டால்தான் விழும்.
இப்போது நூறு கிராம், ஒரு தேயிலைப் பைக்கற்று.
நினைத்தாலே விழுந்துவிடும் போலிருந்தது,
அதனால் நினைக்கவும் புதிதாய்ப் பழகினேன்.

எங்கள் ஊரில் இதற்குப் பெயர் துவக்கு.
திடலில் நடுவர் 'துவக்கு' என்பார்.
பெயரா, வினையா என்று
வெளியூர்க்காரர் திரும்பிப் பார்ப்பார்கள்.

தோட்டாவில் ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி,
தொகுதி இலக்கம் மட்டும் வேறு.
நாலு தொகுதி அடித்துப் பார்த்தேன். மூன்று சிதறின.
நாலாவதை ஒரு ரூபாக் குத்தியால் மூடலாம்.
பத்துப் புள்ளியின் வட்டம் அதிலும் பாதி,
சட்டைப் பொத்தான்,
ஐம்பது மீற்றருக்கு அப்பால்,
கச்சான் காற்றில்.

பயிற்சி முடிந்தால் அவள் என்னோடு வரமாட்டாள்,
பொலிஸ் களஞ்சியத்தில் உறங்குவாள்.
கொப்பியில் எழுதுவோம்:
தோட்டா அறுபது, வெறுங்கோது அறுபது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஐம்பத்தொன்பது.

சார்ஜன்ட் ஹேமபால முழங்காலில்,
றிஸ்மியா ஈர்க்குமாறால் மண்ணை வகிர,
நான் பாயை உதறி உதறி,
இருட்டும்வரை.
ஒரு கோது. நகத்தளவு பித்தளை.
யாரும் பேசவில்லை.
மூன்று பேருக்கும்
வெவ்வேறு ஆண்டுகள் ஞாபகம் வந்தன.

இரவு குளிக்கக் கொண்டையை அவிழ்த்தேன்.
சீமெந்தில் கிணுங் என்றது.

ஈரத்தலையோடு ஸ்கூட்டரில்
கல்லடிப் பாலம் தாண்டினேன்.
வாசலில் லைட் அடித்து "என்ன?" என்றான்.
கையை விரித்தேன்.

ஹேமபால சாரத்தோடு வந்தார்.
கோதை மூக்கில் வைத்து மணந்தார்.
ஐம்பத்தொன்பதை வெட்டி, அறுபது எழுதி,
நேரம் போட்டார், பத்து இருபது.
"நாளைக்கு தொப்பி போடுங்க, மிஸ்."

ஒப்பமிட்டேன்.
அந்த நடுக்கத்துக்கே
விழுந்திருக்கும் விசை.